பெரிய வெள்ளியில் நாற்பத்தொரு நண்டு

அத்தியாயம் 6

விழா பிற்பகல் மூன்று மணிக்கு. காலை எட்டரைக்கு எங்கள் கையில் இருந்ததெல்லாம் ஒரு விதவையின் வாய் வார்த்தையும் நாற்பது பக்கத் தட்டச்சு நகலும்தான். இதை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரின் கழுத்தில் விழப்போகும் பதக்கத்தைத் தடுக்க வேண்டுமாம். என் முதலாளி, துப்பறிவாளர் செவரினோ மக்பனுவா, இப்படிப்பட்ட வழக்குகளைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

விஷயம் இதுதான். இலோயிலோவின் பெரிய ஹோட்டலில் இன்று வட்டார அறிவியல் ஆய்வாளர் விருதுகள் வழங்குகிறார்கள். மீன்வளப் பிரிவில் டாக்டர் வால்டெமார் கிம்போவுக்கு விருது. தலாபான் சதுப்புக் காட்டில் நாற்பது வாரம், வெள்ளிக்கிழமை தவறாமல் கூண்டு வைத்து நண்டு எண்ணினாராம். முட்டை சுமந்த பெட்டை நண்டுகள் எந்தக் கடல் ஓதத்தில் வெளியே கிளம்புகின்றன என்று கண்டுபிடித்தாராம். அந்த ஓதம் வரும் நான்கு நாள் மட்டும் மீனவர்கள் கூண்டைத் தூக்கி வைத்தால் போதும், அடுத்த வருஷம் நண்டு இரட்டிப்பாகிறது. நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை.

"எண்ணினது அவர் இல்ல. என் வீட்டுக்காரர்" என்றாள் மனாங் நெலிதா. இதை அவள் எங்களிடம் சொல்வது மூன்றாவது தடவை. மனாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா, மனோங் அண்ணன், என்னைப் போன்ற சின்னப் பெண் இந்தாய்.

அவள் கணவர் அர்செனியோ தபுயான், கிம்போவிடம் ஆறு வருஷம் கள உதவியாளராக இருந்தவர். டாக்டர் நகரத்தில், குளிர்சாதன அறையில். இவர் சேற்றில், இடுப்பளவு. போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த டாக்டர் ஒரு பூச்செண்டை வைத்துவிட்டு, ஆபீஸ் பொருள் என்று சொல்லி அர்செனியோவின் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். இப்போது கேட்டால், "எந்த நோட்டு?" என்கிறார். டாக்டர் தன் கைப்பட எழுதியது புயலில் போய்விட்டதாம், தட்டச்சு நகல் மட்டும்தான் மிச்சமாம்.

நெலிதா எங்களுக்குக் குடிக்க ஏதோ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நான் முகம் சுளித்தது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"காபி இல்லையா, மனாங்?"

"எங்க வீட்ல காபி வாங்கறதில்ல, இந்தாய். வறுத்த சோளம் அது. உடம்புக்கு நல்லது."

உடம்புக்கு நல்லது எதுவும் வாய்க்கு நல்லதாக இருப்பதில்லை. நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு காலண்டர், ஒரு தையல் மெஷின், மூலையில் மடித்து வைத்த ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். சுவரில் ஒரு சொரூபம்கூட இல்லை. எங்கள் ஊரில் சோற்றுக்கு இல்லாதவன் வீட்டிலும் ஒரு குழந்தை யேசு நின்றுகொண்டிருப்பார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதையும் விற்றுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

செவரினோ வழக்கம்போலத் தூங்கி வழியும் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொய்க் கணக்குப் பிடித்துக் கொடுத்த கண்கள் அவை.

"உங்களுக்கு என்னதான் வேணும், மனாங்?" என்று கேட்டார்.

"பதக்கம் வேணாம், பணம் வேணாம். ஊர்ல அவரை நண்டுப் பைத்தியம்னுதான் கூப்பிட்டாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த மைக்குல அவரோட முழுப் பேரு வரணும். நான் அதக் காதால கேக்கணும்." அவள் அழவில்லை. "பக்கத்து வீட்ல உடுப்புகூட வாங்கி வெச்சுட்டேன்."

தலாபானுக்குப் போகிற ஜீப்னி வண்டியில் ஒரு பக்கம் கோழிக்கூடை, மறுபக்கம் செவரினோ. அவர் தட்டச்சு நகலை மடியில் விரித்து, பையிலிருந்து ஒரு பழைய காலண்டரை எடுத்து, தேதி தேதியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தாய், இந்த ஏப்ரல் ஏழு என்ன கிழமை?"

"எல்லாமே வெள்ளிதான், மனோங். அதான் முதல் பக்கத்துலயே போட்டிருக்கே."

"என்ன வெள்ளி?"

நான் காலண்டரை எட்டிப் பார்த்தேன். ஏழாம் தேதிக்குச் சிவப்பு மை. ஒன்பதாம் தேதி ஈஸ்டர்.

"பெரிய வெள்ளி!" என்று கத்திவிட்டேன். கோழிகளும் கத்தின.

நகலில் அந்த வரி சாதுவாக நின்றது. ஏப்ரல் 7. பிற்பகல் 3.00. கூண்டு 20. நண்டு 41. பெட்டை 17.

பெரிய வெள்ளி, மூன்று மணி. யேசு சிலுவையில் உயிர் விட்ட நேரம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஆணி அடிக்க மாட்டார்கள், தலைக்குக் குளிக்க மாட்டார்கள், சிரிக்கிற குழந்தையின் வாயைக்கூடப் பொத்துவார்கள். அன்றைக்கு நாற்பத்தொரு நண்டா?

தலாபானில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மனோங் போல்தோ என் கேள்வியைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் நகலில் படகோட்டி என்று எழுதியிருந்தது அவர் பெயர்தான்.

"பெரிய வெள்ளிக்கா? உனக்குப் புத்தி இருக்கா, இந்தாய்? அன்னிக்குக் கடவுள் செத்துக் கெடக்காரு. கையில ஒரு கீறல் விழுந்தாக்கூட ஆறாது. எங்க ஆளுங்க ஒருத்தன் தண்ணியில கால் வெப்பானா? எல்லாரும் கோயில்லதான்."

"நிச்சயமா?"

"என் ஆத்தா மேல சத்தியம். வேணும்னா பாதிரியாரக் கேளு."

நான் துள்ளிக் குதிக்காத குறை. "மாட்டினாரு டாக்டரு! ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஏழு ஏழாக் கூட்டித் தேதி போட்டிருக்காரு. ஈஸ்டர் வருஷா வருஷம் இடம் மாறும்னு மறந்துட்டாரு. மனோங், கேஸு முடிஞ்சது. எனக்கு ஒரு கிண்ணம் பச்சோய் சூப்பு வாங்கித் தாங்க, எலும்பு தூக்கலா."

செவரினோ சிரிக்கவில்லை. "டாக்டர் இதத் தானே எழுதலைங்கறதுதான நம்ம கட்சி?"

"ஆமா."

"அர்செனியோ நோட்டப் பாத்துக் காப்பியடிச்சாருன்னுதான சொல்றோம்?"

"ஆமா."

"அப்ப இந்தப் பொய் யாரோடது?"

என் வாயில் ஊறியிருந்த பச்சோய் அப்படியே வற்றியது. டாக்டர் திருடியது நிஜமென்றால், திருட்டுப் போனதே போலி. நாற்பது வாரம் சேற்றில் நின்றார் என்று நாங்கள் நம்பிய மனிதர், வீட்டில் படுத்துக்கொண்டு எண்களை இட்டுக்கட்டியிருக்கிறார். டாக்டர் மாட்டினால் அர்செனியோவும் மாட்டுவார். மைக்கில் அவர் முழுப் பெயர் வரும்தான், மோசடிக்காரர் என்ற அடைமொழியோடு. ஒரு பெண் இரவல் உடுப்பை மாட்டிக்கொண்டு அதைக் கேட்க வருவாள்.

"விட்டுடலாம், மனோங்" என்றேன். "டாக்டரே வாங்கிட்டுப் போகட்டும். நமக்கு ஆதாரம் கெடைக்கலன்னு மனாங்கிட்ட சொல்லிடலாம்."

"நீ போயி குச்சியில குத்திப் பொரிச்ச சர்க்கரை வாழப்பழம் ரெண்டு வாங்கிட்டு வா. பசிச்சா நீ பேசறது சகிக்கல."

நான் வாங்கி வந்தபோது அவர் படகு விளிம்பில் போல்தோவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். போல்தோ ஒரு கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டி என்னவோ சொன்னார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. என்னவென்று கேட்டேன். வாழைப்பழம் ஆறிவிட்டது என்றார் செவரினோ. அவரை அந்தச் சேற்றிலேயே தள்ளிவிடலாம் போல் இருந்தது.

இரண்டேகாலுக்கு ஹோட்டலின் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் நால்வர் இருந்தோம். விருதுக் குழுத் தலைவி மேடம் பெர்பெத்துவா, கையில் நிகழ்ச்சி நிரலோடு. வெள்ளைப் பரோங் சட்டையில் டாக்டர் கிம்போ, கல்யாண மாப்பிள்ளை தோற்றார். அப்புறம் செவரினோவும் நானும்.

"அஞ்சு நிமிஷம்தான்" என்றார் மேடம். "அந்த விதவைப் பொம்பளையோட லெட்டர் எனக்கும் வந்துச்சு. எல்லா வருஷமும் இப்படி ஒண்ணு வரும்."

"அந்த லெட்டர விடுங்க, மேடம்" என்றார் செவரினோ. நான் அதிர்ந்து திரும்பினேன். "என் சந்தேகம் வேற. இந்தக் கணக்கே பொய்யோன்னு."

அவர் ஏப்ரல் ஏழாம் தேதிப் பக்கத்தை மேஜையில் வைத்தார். மேடம் படித்தார். படித்துவிட்டு விரலால் தேதியைத் தொட்டார்.

"இது பெரிய வெள்ளி. டாக்டர், அன்னிக்கு மூணு மணிக்கு நீங்க கோயில்ல எனக்கு முன் வரிசையில இருந்தீங்க. சாயங்காலம் சொரூபத் தேர இழுத்தீங்க. நான் பின்னாடியேதான நடந்து வந்தேன்?"

டாக்டரின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஏசி நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

"அது... ஒரு தேதி முன்ன பின்ன..."

"ஒரு தேதி முன்ன பின்னன்னா ஓதக் கணக்கு மொத்தமும் போச்சு" என்றார் செவரினோ. "படகோட்டி போல்தோவையும் பாத்துட்டு வந்தேன். அவங்க ஆளுங்க யாரும் அன்னிக்குத் தண்ணியில கால் வெக்கலையாம். நீங்களும் போகல, அவங்களும் போகல. எண்ணாத நண்ட எண்ணினேன்னு அரசாங்கப் பணத்துல அறிக்கை குடுத்தா அதுக்குப் பேரு என்ன, டாக்டர்? உங்க பட்டத்தையே பிடுங்கிடுவாங்க. வேலை போகும். உள்ள தூக்கி வெக்கலாம்."

டாக்டர் மேடத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். மனிதன் மனசுக்குள் தராசு வைத்து எடை போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். மோசடிக்காரன் பெரிய குற்றவாளி. உதவியாளன் எழுதியதை நம்பி ஏமாந்தவன்? அவன் பாவம்.

"நான் எழுதல!" என்றார். "ஒரு எண்கூட நான் எழுதல, மேடம். எல்லாம் அந்த அர்செனியோ குடுத்தது. நான் நம்பி அப்படியே தட்டச்சு பண்ணினேன். பாவி, வீட்ல உக்காந்து இட்டுக்கட்டி என் தலையில கட்டிட்டுச் செத்துட்டான்."

"செத்தவர் மேல பழி போடறது சுலபம்" என்றார் செவரினோ. "என்ன ஆதாரம்?"

"ஆதாரமா? இதோ!" டாக்டர் கைப்பையைத் திறந்தார். நிருபர்கள் ஏதாவது கேட்டால் புரட்டிப் பார்த்துக்கொள்ள எடுத்து வந்திருப்பார். சேறு காய்ந்த ஒரு நீல அட்டை நோட்டை மேஜையில் போட்டார். "இது அவன் கையெழுத்து. நாற்பது வாரமும் அவன்தான். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

'எந்த நோட்டு?' என்று டாக்டர் கேட்ட அதே நோட்டு. மேடத்தின் முகம் மாறியது. டாக்டருக்கு இன்னும் புரியவில்லை.

செவரினோ நோட்டை எடுத்து நிதானமாகப் புரட்டினார். தேடிய பக்கம் வந்ததும் என்னிடம் நீட்டினார். "சத்தமாப் படி, இந்தாய்."

எண்கள் நகலில் இருந்தவைதான். அவற்றுக்குக் கீழே பென்சிலில் இரண்டு வரி இருந்தது. டாக்டர் அதைத் தட்டச்சு செய்யவில்லை. எண் இல்லாத எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நான் படித்தேன்: "இன்று படகுக்கு ஆள் வரவில்லை. மனோங் போல்தோவின் படகை வாங்கி நானே துடுப்புப் போட்டேன். எட்டாவது கூண்டில் கை கிழிந்தது. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட்டேன்."

"போனாரா?" என்றேன்.

"போனாரு. போல்தோகிட்ட நீ கேட்டது பெரிய வெள்ளிக்கு யாராவது போவாங்களான்னு. அவரு சொன்னது 'எங்க ஆளுங்க' போகலன்னு. அவங்க கணக்குல வராத ஒரு ஆளு அந்தக் கரையில இருந்தாரு. நீ வாழப்பழம் வாங்கப் போனப்ப அவரப் பத்திக் கேட்டேன்." செவரினோ டாக்டரின் பக்கம் திரும்பினார். "காபி இல்லாத வீடு, சொரூபம் இல்லாத சுவரு. அர்செனியோ சனிக்கிழமை ஆராதிக்கிற சபைக்காரர், டாக்டர். ஊர்ல சபதிஸ்தான்னு கேலி பண்ணுவாங்க. அவங்களுக்குப் பெரிய வெள்ளியும் ஒரு வெள்ளிதான். வெள்ளி பொழுது சாஞ்சா ஓய்வு ஆரம்பம், அதனாலதான் நாற்பது வாரமும் வெள்ளி பொழுது இறங்கறதுக்குள்ள எண்ணி முடிச்சாரு. நண்டு அவங்களுக்கு விலக்கு. பிடிச்சதுல ஒண்ணக்கூட வாயில வெக்காம எண்ணின ஒரே ஆளு அந்தக் கரையில அவர்தான்."

டாக்டர் நோட்டுக்குக் கை நீட்டினார், செவரினோ குறுக்கே வந்து நின்றார்.

"இந்தக் கணக்கு முழுக்க நெசம். உண்மையிலயே எண்ணினவன்கிட்ட இதக் கேட்டிருந்தா, ஆமா, தனியாப் போனேன், கை கிழிஞ்சதுன்னு சிரிச்சிருப்பான். திருடினவனுக்குத்தான் பயம் வரும். ஆறு வருஷம் உங்ககிட்ட வேலை செஞ்ச மனுஷன் எந்தச் சாமியக் கும்பிட்டான்னுகூட உங்களுக்குத் தெரியல."

எனக்கு அந்த மேஜை மேல் ஏறி ஆட வேண்டும் போல் இருந்தது. முதலாளியை ஒரு மணி நேரம் மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "இத எனக்கு முன்னாடியே சொன்னா என்ன, மனோங்?" என்று கிசுகிசுத்தேன்.

"உன் மூஞ்சியில எல்லாம் தெரிஞ்சிடும். அந்தச் சோகமான மூஞ்சி எனக்கு இங்க தேவைப்பட்டுது."

மேடம் பெர்பெத்துவா நோட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு பக்கம் படித்தார். நல்ல பெண்மணிதான் என்று அந்த நிமிஷம் நினைத்தேன், அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"டாக்டர், உங்களுக்கு உடம்பு சரியில்ல. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். டாக்டர் பின்கதவால் போனார். அப்புறம் மேடம் எங்களிடம் திரும்பினார். "ரொம்ப நன்றி. பெரிய அவமானத்துலேர்ந்து எங்களக் காப்பாத்தினீங்க."

"அர்செனியோ பேரு?" என்றார் செவரினோ.

"புரிஞ்சுக்குங்க, மிஸ்டர் மக்பனுவா. விதிப்படி இந்த விருது, பட்டம் வாங்கின ஆய்வாளருக்குத்தான். நிரந்தர வேலையில இருக்கணும். உயிரோட இருக்கணும். இவரு தினக்கூலி. ஆறு வருஷமும் தினக்கூலி."

"விருது வேணாம். பேரச் சொன்னாப் போதும்."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா டாக்டர் கதை வெளிய வரும். அப்புறம் போன வருஷ விருது, அதுக்கு முந்தின வருஷ விருது, எல்லாத்தையும் தோண்டுவாங்க. முன் வரிசையில யாரெல்லாம் உக்காந்திருக்காங்க தெரியுமா? பின்னால ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பறேன். என் வார்த்தை."

"அந்த நோட்டக் குடுங்க."

"இது ஆபீஸ் பொருள்" என்று மேடம் அதைத் தன் கைப்பையில் வைத்து மூடினார். டாக்டர் சொன்ன அதே இரண்டு வார்த்தை. அந்தக் கண்ணீரை நம்பிய என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் மனாங் நெலிதா உட்கார்ந்திருந்தாள். இரவல் உடுப்பு தோளில் தொளதொளத்தது. எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் ஒரு பக்கம், செவரினோ மறுபக்கம். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் மேடையைப் பார்த்தேன். அவள் அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேளாண்மைப் பிரிவு முடிந்தது. கைதட்டினார்கள். அடுத்து மீன்வளம் என்றார்கள். நெலிதா முதுகை நிமிர்த்தினாள்.

மேடம் மைக்கைச் சரிசெய்துகொண்டு மேட்டுக்குடி ஆங்கிலத்தில் மளமளவென்று வாசித்தார். இந்தப் பிரிவில் இந்த ஆண்டு தகுதியுள்ள ஆய்வாளர் எவரும் இல்லை. பழக்க தோஷத்தில் யாரோ கைதட்டினார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

"சொல்லிட்டாங்களா?" என்று நெலிதா என் காதில் கேட்டாள். "வேகமா சொன்னாங்க, எனக்குப் புரியல. அவர் பேரு வந்துச்சா?"

செவரினோவைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

"இல்ல, மனாங். தகுதியான ஆளு யாரும் இல்லன்னாங்க."

"அப்ப டாக்டர்?"

"அவர் பேரையும் எடுத்துட்டாங்க. அர்செனியோ எண்ணினதுன்னு அவங்களுக்குத் தெரியும். நோட்டயும் பாத்துட்டாங்க. தெரிஞ்சுதான் சொல்லல."

அவள் என் கையை விட்டாள். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தாள், கணக்குப் போடுகிறவள் மாதிரி.

"நேத்து வரைக்கும் திருடினவன் பேராவது இருந்துச்சு" என்றாள். "இப்ப அந்த நண்ட எண்ணினது யாருமே இல்லைன்னு ஆயிடுச்சா?"

பாண்டு வாத்தியம் முழங்கியது. மருத்துவப் பிரிவில் விருது பெற்ற அம்மாள் பட்டுச் சால்வையோடு மேடை ஏறினாள். மண்டபமே எழுந்து நின்றது. மனாங் நெலிதாவும் எழுந்தாள், எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள், பதக்கம் கழுத்தில் விழும் வரை அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் குனிந்து கேட்டாள்:

"இவங்களுக்கு எண்ணிக் குடுத்தது யாரா இருக்கும், இந்தாய்?"